மீன்வளம் அல்ல, நீர்ச்செடித் தொட்டி

“நடப்பட்ட இயற்கை மீன்வளத்தைத் திட்டமிடுவது எப்படி?” வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் செடி வளர்த்து, சின்னஞ்சிறு மீன்களை விட விரும்பும் ஒருவர் தமிழில் வழிகாட்டல் தேடினால் இப்படிப்பட்ட தலைப்புகள்தான் முன்னே வந்து நிற்கின்றன. அக்குவேரியம் என்ற சொல்லுக்கு ‘மீன்வளம்’ என்று எவரோ ஒருமுறை போட்டுவிட்டார். இப்போது எங்கு பார்த்தாலும் அதுவே.

மூலச்சொல்லின் கதை சிறியது. இலத்தீனில் ‘அக்குவா’ நீர். ‘ஆரியம்’ என்ற ஈறு இடத்தைக் குறிக்கும். உரோமர் காலத்தில் அது கால்நடை நீர் குடிக்கும் இடம். மீனும் செடியும் வாழும் கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பெயரை 1854இல் பரப்பியவர் ஆங்கில இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கொஸ். அவ்வளவுதான். மூலச்சொல்லில் மீனும் இல்லை, வளமும் இல்லை.

வளம் என்றால் செழிப்பு, பெருக்கம். மண்வளம், நீர்வளம், வனவளம் என்ற வரிசையில் மீன்வளம் என்பது ஒரு கடலிலோ ஆற்றிலோ குளத்திலோ உள்ள மீன்களின் இருப்பு. திருகோணமலையில் நின்றுகொண்டு ‘இயற்கை மீன்வளம்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் கொட்டியாரக்குடாவைத்தான் காட்டுவார். தடைசெய்யப்பட்ட வலைகளால் மீன்வளம் அழிகிறது என்று கடற்றொழிலாளர் முறையிடும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கரையோர மக்களின் சோறு இருக்கிறது. அதே சொல்லை எடுத்து, “உங்கள் மீன்வளத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்” என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பே அல்ல. பொருள் நிறைந்த ஒரு சொல்லை நடுவீதியில் போட்டு உடைப்பது.

‘நடப்பட்ட’ என்பது இதைவிட மோசம். தமிழில் நடப்பட்ட மரம் என்றால் மரத்தை நட்டிருக்கிறார்கள். நடப்பட்ட கம்பம் என்றால் கம்பத்தை நட்டிருக்கிறார்கள். எது நடப்பட்டதோ அதன் முன்னால்தான் அந்த எச்சம் வரும். ஆகவே நடப்பட்ட தொட்டி என்றால் நிலத்தில் குழி தோண்டித் தொட்டியை நட்டுவிட்டார்கள் என்றே பொருள். செடி நட்ட தொட்டி என்று எழுத இலக்கணப் புலமை வேண்டாம். எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாலே போதும்.

‘மீன் காட்சிச்சாலை’ என்று எழுதுபவர்களும் உண்டு. மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கப்போகும் பெரிய இடத்துக்கு அது பொருந்தும். மிருகக்காட்சிச்சாலை என்று நாம் சொல்வது போல. வரவேற்பறையின் மூலையில் உள்ள இரண்டடிப் பெட்டிக்கு அது ஒத்துவராது.

இனி, தூய தமிழ் அன்பர் சிலர் முன்வைக்கும் ‘கண்ணாடிப் பொய்கை’. காதுக்கு இனிமையானதுதான். ஆனால் பொய்கை என்பதற்குப் பழைய உரையாசிரியர்கள் மனிதர் ஆக்காத நீர்நிலை என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். சிலிக்கோன் பசையால் ஒட்டிய கண்ணாடியை அப்படி அழைப்பது சொல்லையே தலைகீழாக்குவதாகும். பழஞ்சொல்லை எடுப்பவர் அதன் பொருளையும் சேர்த்து எடுக்க வேண்டும். பிழையான தமிழ்ச்சொல்லைவிட ‘அக்குவேரியம்’ என்ற கடன்சொல் எவ்வளவோ நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து.

நமக்குத் தொட்டி என்ற சொல் இருக்கிறது. தொடுதல் என்றால் தோண்டுதல். “தொட்டனைத் தூறும் மணற்கேணி” என்ற குறளில் இருப்பதும் அந்தத் தொடுதல்தான். ஆங்கிலத்தில் கந்தளாய்க் குளமும் டாங்க், வீட்டுக் கண்ணாடிப் பெட்டியும் டாங்க். நாம் குளம் வேறு, தொட்டி வேறு என்று பிரித்துச் சொல்கிறோம். மீன்தொட்டி என்று எல்லோரும் வழங்குவதில் ஒரு குறையும் இல்லை.

ஆயினும் நாம் பேசுகிற வகைக்கு ஓர் அடைமொழி தேவை. ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) உலகெங்கும் பரப்பிய இந்தப் பாணியில் கல், மரக்கட்டை, செடி ஆகியவற்றால் ஒரு நிலக்காட்சியை முதலில் அமைக்கிறார்கள். முன்னே குட்டைச்செடி, பின்னே நெட்டைச்செடி. மீன் கடைசியில்தான் வருகிறது. அதுவும் சிறிய மீன். மீன் சிறிதானால்தான் தொட்டி விரிந்து தெரியும். செடியே இங்கு முதன்மை. ஆனால் செடித்தொட்டி என்றால் பூச்சாடி என்று விளங்கிக்கொள்வார்கள். பாசித்தொட்டி என்றால் கண்ணாடியில் வழுக்கும் பச்சைப் படலம்தான் நினைவுக்கு வரும். அதை ஒழிக்கத்தான் வளர்ப்பவர் பாடுபடுகிறார். நீரில் வளரும் எல்லாவற்றையும் பாசி என்று தள்ளிவிடுவது நம் பழக்கமாகிவிட்டது. “கொட்டியும் ஆம்பலும் நெய்தலும்” என்று தனித்தனியே பெயர் சொன்னவர் ஔவையார். ஆகவே ‘நீர்ச்செடித் தொட்டி’. பாணியையும் குறிக்க வேண்டுமானால் ‘இயற்கைப்பாணி நீர்ச்செடித் தொட்டி’.

தலைப்பு மட்டும் பிழையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே போனால் செடி ஊன்றும் மண்ணுக்கு ‘அடி மூலக்கூறு’ என்று எழுதியிருக்கிறது. மூலக்கூறு என்பது வேதியியலில் அணுக்களின் சேர்க்கை. அடிமண் என்ற சொல்லுக்கு என்ன குறை? இதைவிடக் கொடியது, ஆங்கிலத்தின் ‘ஃபிஷ்லெஸ் சைக்கிளிங்’ என்பதற்குப் போட்ட ‘மீன் இல்லாத சைக்கிள் ஓட்டுதல்’. புதிய தொட்டியில் மீன் விடுமுன் நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். அவைதான் மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். பாடசாலையில் நைதரசன் வட்டம் படித்த பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். சைக்கிள் ஓட்டச் சொன்னால் என்ன விளங்கும்? வாசிப்பவர் அந்தப் பகுதியைத் தாண்டிப்போவார். அன்றைக்கே மீனை விடுவார். அமோனியா மீனைக் கொன்றுவிடும். ‘தொட்டியைப் பக்குவப்படுத்தல்’ என்று எழுதியிருந்தால் காத்திருக்க வேண்டும் என்பது சொல்லிலேயே தெரிந்திருக்கும். மொழிபெயர்ப்பு இயந்திரம் தந்ததை வாசித்தும் பாராமல் வெளியிடுபவர்கள் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

கிரிப்டோகொரைன் என்ற செடிக்கு வழக்கிலுள்ள தமிழ்ப்பெயர் எதையும் நான் கேட்டதில்லை. அதன் பல இனங்கள் இலங்கைக்கே உரியவை. இந்நாட்டு ஓடைகளிலிருந்து உலகத் தொட்டிகளுக்குப் போனவை. புதுப்பெயர் கட்டாமல் அப்படியே வழங்கலாம். ஆனால் இடம் மாற்றி நட்டதும் அது இலைகளை இழப்பதற்கு ‘உருகுதல்’ என்று எழுதுவதை ஏற்க முடியாது. மெழுகு உருகும், நெய் உருகும், இலை உருகாது. ‘அழுகல்’ என்றாலோ நோய் என்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். வேர்த்தண்டு உயிரோடு இருக்கும். சில வாரங்களில் புதிய இலை விடும். ‘இலை கழித்தல்’ என்று எழுதினால் செடி தொட்டியிலேயே இருக்கும்.