வண்ணத்தாளை ஒதுக்குங்கள், படத்தைப் பார்க்க விடுங்கள்

படக்கதைப் புத்தகத்தை ஐந்து நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டு, உடனே கதையில் வந்த யானைக்கு வண்ணம் தீட்டச் சொல்லி ஒரு தாளை நீட்டுவது நம் பாலர் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. யானை ஏன் அழுதது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் அந்தத் தாள் வந்து குறுக்கே நிற்கிறது. வகுப்பு அமைதியாக இருக்கும், உண்மைதான். ஆனால் கதை அங்கேயே அறுந்துபோகிறது. பினாங்கில் பாலர் வகுப்பு நடத்தும் எனக்கு இது பெரும் வருத்தம்.

கதைக்குப் பின் செய்யும் நடவடிக்கை பிள்ளைகளின் பேச்சிலிருந்து முளைக்க வேண்டும். சந்தையைப் பற்றிய ஒரு படக்கதையை வகுப்பில் வாசித்தேன். ஒரு பக்கத்தில் மீன் மேசைக்கு அடியில் பூனையின் வால் மட்டும் தெரியும். எழுத்தில் பூனையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிள்ளைகள்தாம் கண்டுபிடித்தார்கள். “டீச்சர், அது மீன் விழட்டும் என்று காத்திருக்கிறது!” அடுத்த நாள் வகுப்பிலேயே சந்தை போட்டோம். முருங்கைக்காய், கீரைக்கட்டு, ஒரு பழைய தராசு. விலை அட்டைகளை அவர்களே எழுதினார்கள். கறிவேப்பிலையில்தான் பெரிய வாக்குவாதம். “அதற்குக் காசு வாங்கக்கூடாது, அம்மாவுக்குச் சும்மாதான் கொடுப்பார்கள்” என்றாள் ஒருத்தி. கடைசியில், காய் வாங்கினால் இலவசம், கறிவேப்பிலை மட்டும் வாங்கினால் ஐம்பது காசு என்று முடிவானது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் மேசைக்கு அடியில் பூனையாகப் படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் மீன் கேட்டான்.

எண்ணுவது, எடை பார்ப்பது, எழுதுவது, நியாயம் பேசுவது எல்லாம் அந்த ஒரு பக்கத்திலிருந்து வந்தன. எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதைத் தராது.

அமெரிக்க உளவியலாளர் கிரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. படப் புத்தகம் வாசிக்கும்போது விரிவாகப் பதில் சொல்லத் தூண்டும் கேள்விகளைக் கேட்கவும், பிள்ளையின் பதிலை நீட்டிச் சொல்லவும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சுத்திறன் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. ஆகவே “இது என்ன நிறம்?” என்பதோடு நின்றுவிடாதீர்கள், “இங்கே என்ன நடக்கிறது?” என்று கேளுங்கள். பிள்ளை “பூனை” என்றால், “ஆமாம், பசித்த பூனை ஒளிந்திருக்கிறது” என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு கொஞ்சம் பொறுங்கள். அடுத்த வாக்கியம் பிள்ளையிடமிருந்து வரும்.

தமிழ்ப் படக்கதைகள் கிடைப்பதில்லை என்பவர்கள், இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தைப் பாருங்கள். கதைகளை இலவசமாக வாசிக்கலாம், பதிவிறக்கி அச்சிடவும் செய்யலாம். கதையில் ரூபாய் வந்தால் நம் பிள்ளைகள் மலேசிய வெள்ளியாக மாற்றிச் சொல்வார்கள், திருத்த வேண்டாம்.

ஒரே புத்தகத்தை மறுபடியும் கேட்டால், சலிக்காமல் வாசியுங்கள். முதல் தடவை கதையோடு ஓடுகிற பிள்ளை, அடுத்தடுத்த தடவைகளில்தான் படத்தின் மூலைகளைப் பார்க்கத் தொடங்குகிறது. வாசித்த புத்தகத்தை அலமாரியில் பூட்டாமல், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அட்டை தெரியும்படி வையுங்கள்.