செம்பாட்டுக்குக் கீழ இருக்கிற குழி

போன கிழமை கந்தரோடைப் பக்கத்துத் தம்பி ஒராள் கேட்டிருந்தார்: "அண்ணை, எங்கட தோட்டத்தில வெங்காயத்துக்குக் கொத்தேக்க ஒரு மூலையில மட்டும் பழைய சட்டித் துண்டுகள் வந்துகொண்டே இருக்கு. அப்பு சொல்லுவார் அதில முனி நிக்குது, ஆழமாக் கொத்தாதையுங்கோ எண்டு. கீழ பழைய காலத்து ஈமக்குழி ஏதும் இருக்குமோ? கிண்டாமல் அதை எப்பிடி அறியிறது?"

இருக்கலாம் தம்பி, நீங்கள் இருக்கிற இடம் அப்பிடி. கந்தரோடையில 1970ல பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியக ஆக்கள் வந்து கிண்டினவை, பேந்து 1980ல ஆனைக்கோட்டையில பேராசிரியர் இந்திரபாலா தலைமையில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு கிண்டேக்க பெருங்கற்காலத்து (இரும்பு புழக்கத்தில இருந்த பழைய காலத்து) ஆள் ஒருவரைப் புதைச்ச இடமும் கூடவே "கோவேத" எண்டு பிராமி எண்ட பழைய எழுத்து இருக்கிற சின்ன முத்திரையும் வந்தது. ஆனைக்கோட்டை எண்டால் யாழ்ப்பாண டவுனில இருந்து சைக்கிளில போற தூரம். கீழ புத்தளம் பக்கம் பொம்பரிப்பில தாழிக்குள்ள புதைச்சிருக்கினம், அங்கால தூத்துக்குடிப் பக்கம் ஆதிச்சநல்லூரிலயும் அதே வழக்கம்தான்.

பெருங்கற்காலம் எண்ட பேரைக் கேட்டிட்டுப் பெரிய கல்லைத் தேடாதையுங்கோ. தமிழ்நாட்டில கனக்க இடங்களில குழியைச் சுத்தி வட்டமாக் கல்லு நட்டிருப்பினம், கண்ணாலயே தெரியும். எங்கட குடாநாட்டில கருங்கல்லே இல்லை, கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், மேல செம்பாடு எண்ட சிவப்பு மண். அதால இங்க மேல அடையாளம் ஒண்டும் நிக்காது, அதுக்கும் மேலால நூற்றுக்கணக்கான வருசமா மண்வெட்டி, கலப்பை, இப்ப உழவு மெசின் எல்லாம் போட்டுது.

மேல இருந்து பாக்கிறது ஒரு வழி. ஒருக்கா வெட்டி மூடின குழிக்குள்ள மண் பொருமலா இருக்கும், ஈரம் கூட நிக்கும், அதால வறட்சியில அந்த இடத்துப் பயிர் மட்டும் கன நாள் பச்சையா நிக்கும். 2018 யூலையில அயர்லாந்தில கடும் வறட்சி நேரம் அன்டனி மர்பியும் கென் வில்லியம்ஸும் நியூகிரேஞ்ச் எண்ட பழைய கல்லறைக்குக் கிட்ட ட்ரோன் விட்டுப் பாக்கேக்க வயலுக்குள்ள பெரிய வட்டம் ஒண்டு அப்பிடியே தெரிஞ்சுது, ஆயிரக்கணக்கான வருசத்துப் பழசு. ஆனா தம்பியின்ர தோட்டத்தில உது சரிவராது எண்டுதான் நினைக்கிறன். கிணத்துத் தண்ணி இறைக்கிற இடத்தில எல்லாப் பயிருக்கும் ஒரே ஈரம், வெங்காயத்தின்ர வேரும் ஆழம் போகாது. மழையை நம்பி விதைக்கிற நெல்லு வயலில, மழை முந்தியே விட்டிட்டால், தை மாசியில பாக்கலாம்.

எனக்கு நல்ல விருப்பமான வழி காந்தம். கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ.

செம்பாடு ஏன் சிவப்பு? இரும்பு. துரு மாதிரி இருக்கிற ஹெமடைட். அது காந்தத்துக்குப் பெரிசா அசையாது. ஆனா மேல்மண்ணில வேற விசயம் நடக்குது. மாரியில மண் ஊறிக் காத்துப் போகாமல் அடைச்சு நிக்கேக்க, இலை குழை உக்கிறதைத் தின்னுற பக்டீரியாக்கள் ஒட்சிசன் இல்லாமல் அந்த இரும்பையே பிடிச்சு மாத்தி விடும், ஹெமடைட்டின்ர கொஞ்சம் மக்னடைட் எண்ட காந்தம் கூடின இரும்புத்தாது ஆகும். பிறகு கோடையில மண் காய்ஞ்சு காத்துப் புக, அது மக்ஹெமைட் எண்டு இன்னொண்டா மாறும், நிறம் திரும்பவும் சிவப்புப் பக்கம்தான், ஆனா காந்தத் தன்மை போகாது, ஹெமடைட்டை விடப் பல மடங்கு பலமா நிக்கும். மாரி கோடை மாரி கோடை எண்டு ஆயிரம் வருசம் நடந்தால் யோசிச்சுப் பாருங்கோ. நெருப்பும் இதே வேலையைத்தான் செய்யும், குப்பை கொளுத்தின இடம், அடுப்பு மூட்டின இடம் எல்லாம். பிரெஞ்சுக்காரர் லெ போர்ஞ் 1955ல இதை எழுதினவர்.

இப்ப ஒராள் செத்திட்டார், குழி வெட்டுகினம். வெட்டின மண், சுத்தி இருந்த மேல்மண், சாம்பல் எல்லாம் கலந்து உள்ள போகுது. அதோட அந்தக் குழி காந்தம் கூடின ஒரு பானை மாதிரி ஆகிடும், சுத்தி வர இருக்கிற சுண்ணாம்புக்கல்லில காந்தம் இல்லை எண்டே சொல்லலாம். 2,000 வருசம் கழிச்சும் அந்த வித்தியாசம் அழியாது.

அளக்கிறதுதான் கஷ்டம். எங்கட இடத்தில பூமியின்ர காந்தப்புலம் கிட்டத்தட்ட 40,000 நானோ டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கிற அலகு), குழி காட்டுற வித்தியாசம் ஒண்டில இருந்து ஒரு பத்துக்குள்ள. அதுக்குள்ள பகலில மேல வானத்தில ஓடுற மின்னோட்டத்தால புலமே கூடிக் குறையும், காந்த மத்திய கோட்டுக்கு (காந்த ஊசி சரியாப் படுத்து நிக்கிற கோட்டுக்கு) கிட்ட இருக்கிற எங்களுக்கு அது இன்னும் மோசம். இதுக்குத்தான் ஒரு தடியில கீழ ஒரு சென்சர், மேல ஒரு சென்சர். வானத்து மாற்றம் ரெண்டுக்கும் ஒரே அளவு, கழிச்சால் போயிடும். குழி கீழ் சென்சருக்குக் கிட்ட, அதால அது மட்டும் மிஞ்சும். இவ்வளவு எளிமையா ஒரு யோசினை எண்டு முதல் விளங்கினண்டு எனக்கு நித்திரை வரேல்லை.

இன்னும் வடிவான விசயம் இருக்கு. காந்த ஊசி ஒண்டை நடுவில கட்டித் தூக்கினால் இங்கிலாந்தில அது 60 பாகைக்கு மேல நிலத்தை நோக்கிக் குத்திக்கொண்டு நிக்கும். யாழ்ப்பாணத்தில கிட்டத்தட்டப் படுத்தபடி நிக்கும். குழியும் அந்தப் புலத்தாலதான் காந்தமாகுது, எங்கட குழி வடக்கு தெற்காப் படுத்த காந்தம். அதால மேல் கீழ் புலத்தை அளக்கிற கருவியோட நீங்கள் குழிக்கு நேர மேல வந்தால் அது பூச்சியம் காட்டும்! தெற்குப் பக்கம் கூட, வடக்குப் பக்கம் குறைய, குழி ரெண்டுக்கும் நடுவில. வட்டமா ஒரு அகழி இருந்தால் வடக்குத் தெற்கு வளைவு மட்டும் தெரிஞ்சு, கிழக்கும் மேற்கும் மங்கிப் போயிடும். இங்கிலாந்துப் படம் பாத்துப் பழகின ஆள் எங்கட வரைபடத்தைப் பாத்து "இதில குழி இல்லை" எண்டு சொல்லிட்டுப் போயிடுவார்.

அதாலதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுறன், கருவியும் எங்கட கையில இருக்க வேணும், அதை வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையளும் இங்கயே பழக வேணும். வெளியில இருந்து ஆக்கள் வந்து ரெண்டு கிழமை நிண்டு அளந்து கொண்டு போறதில எங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது. திருவிழாவுக்கு வெடிக்கும் லைற்றுக்கும் ஊர் சேர்க்கிற காசு எனக்குத் தெரியும், வெளிநாட்டில இருந்து வாறதும் தெரியும். அதில ஒரு வருசத்துக் காசைச் சேர்த்து ஒரு கருவி வாங்கினால் நாலு தலைமுறைக்குப் படிப்பு.

கஷ்டங்களையும் சொல்ல வேணும். சண்டைக் காலத்துச் செல் துண்டு, முள்ளுக்கம்பி, ஆணி எல்லாம் மண்ணுக்குள்ள கிடக்கு, ஒரு சின்ன இரும்புத் துண்டே குழியை விடப் பெரிசாக் கத்தும். சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணி கரைச்சு வந்த பள்ளத்துக்குள்ள செம்பாடு இறங்கியிருந்தால் அதுவும் குழி மாதிரியே காட்டும். அதால காந்தத்தில சந்தேகமான இடத்தில மண்ணுக்குள்ள மின்சாரம் விட்டும் பாப்பினம், ரேடாரும் இழுப்பினம், கடைசியா ஓகர் எண்ட மண் துளைக்கிற கருவியால ஒரு விரல்மொத்த மண்ணை எடுத்துப் பாத்துத்தான் கிண்டுறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கிறது.

தம்பி, உந்தப் புதையல் கதையும் ஊரில இருக்குமே. தங்கம் காந்தத்துக்குப் பிடிபடாது, ஆரும் அப்பிடி மெசின் கொண்டு வந்தால் நம்பாதையுங்கோ. இரவோடிரவாக் கிண்டிப் பானையை உடைச்சு எலும்பை எறிஞ்சிட்டுப் போறவையை நினைச்சால் வயிறு எரியுது, அனுமதி இல்லாமல் கிண்டுறது 1940ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றமும்தான். அப்பு சொல்லுற முனியை நான் நம்பேல்லை, ஆனா ஆழமாக் கொத்தாதை எண்ட சொல்லால அந்த மூலை இவ்வளவு காலம் தப்பியிருக்கு எண்டால் அந்தச் சொல்லுக்குக் கும்பிடுறன்.

இப்போதைக்கு அந்த மூலையில உழவு மெசின் விடாதையுங்கோ. துண்டுகள் வந்த இடத்தைக் கிணத்தில இருந்து எத்தினை அடி எண்டு அளந்து கொப்பியில எழுதி, துண்டுகளை ஒரு பையில போட்டு வையுங்கோ. உள்ளுக்குக் கறுப்பும் வெளியில சிவப்புமா இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, அந்தக் காலத்துக் குழிகளில வாற சட்டி கனக்க அப்பிடித்தான் இருக்கும்.