கைடு மட்டுமே எல்லாம் இல்லை: பிஎச்.டி. மாணவருக்கு யுஜிசி விதிகள் தரும் பாதுகாப்பு

பிஎச்.டி.யில் சேர்ந்தவுடன் சீனியர்கள் சொல்லும் முதல் புத்திமதி, "கைடை (ஆய்வு நெறியாளரை) பகைச்சுக்காதே." பட்டவர்கள் சொல்வது, தள்ளிவிட முடியாது. ஆனால் உங்கள் ஆய்வு முழுக்க அந்த ஒருவர் கையில் இருக்கக் கூடாது என்றுதான் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி வகுத்திருக்கிறது. 2022 நவம்பர் 7 அன்று வெளியான பிஎச்.டி. விதிமுறைகளைச் சொல்கிறேன். அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்கு 2009 அல்லது 2016 விதிகள் பொருந்தும்.

இதில் முக்கியமானது ஆய்வு ஆலோசனைக் குழு. நம் பக்கம் டாக்டரல் கமிட்டி, டி.சி. மீட்டிங் என்று சொல்லிப் பழக்கம். ஒவ்வொரு செமஸ்டரும் இந்தக் குழுவின் முன் உங்கள் வேலையை விளக்கி, சுருக்கமான அறிக்கை தர வேண்டும். குழுவின் பரிந்துரை நகல் உங்களுக்கும் வர வேண்டும். முன்னேற்றம் போதாது என்று குழு நினைத்தால் காரணத்தை எழுதி, சரிசெய்யும் வழியையும் சொல்ல வேண்டும். அதையும் நீங்கள் செய்யாதபோதுதான், குறிப்பான காரணங்களோடு பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம்.

இவ்வளவு இருந்தும் டி.சி. மீட்டிங் நாளைக் கையெழுத்து வாங்கும் நாளாகவே பலர் கழித்துவிடுகிறார்கள். பார்க்க மனசு கேட்பதில்லை. "ஜனவரியிலிருந்து கருவி பழுது, மாற்று ஏற்பாடு கேட்டு மூன்று கடிதம் கொடுத்தேன்" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நான்கு வருடம் கழித்துக் கால நீட்டிப்பு கேட்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது அந்த வரிதான்.

காலக் கணக்கு இப்படி: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10 வரை. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காகப் பெண்கள் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். எங்கள் பக்கத்து லேபில் இருந்த தோழி, பிரசவமான 45ஆம் நாளே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வந்து நின்றார். அப்படி ஒரு விடுப்பு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண் ஆய்வாளர், தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகவும் இடமுண்டு. நிதி நிறுவனம் கொடுத்த புராஜெக்டின் பகுதியாக அந்த ஆய்வு இருக்கக் கூடாது, பழைய நிறுவனத்துக்கும் கைடுக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும் என்பவை அதற்கான நிபந்தனைகள்.

அப்புறம், கைடைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள். ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்கக் கூடாது. ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்பதுதான் வரம்பு.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்குபவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஃபெல்லோஷிப் தாமதமானால் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் மாணவர் குறைதீர்ப்பு விதிகளில் உதவித்தொகைத் தாமதமும் புகாருக்குரிய குறைதான். மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் மனு கொடுத்தால், 15 வேலை நாளுக்குள் அந்தக் குழு தன் அறிக்கையை அனுப்ப வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாலியல் தொல்லை என்றால் வழி வேறு, அதற்கென இருக்கும் உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

எந்த மனுவானாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். குறைதீர்ப்புக் குழுவுக்கான அந்த 15 வேலை நாள் கணக்கு, மனு அவர்கள் கைக்குப் போன தேதியிலிருந்துதான் தொடங்கும்.