நாட்பட்ட நோயாளி மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திய பின்

சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, முடக்குவாதம், இதய நோய், புற்றுநோய் என ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோய்களோடு வாழ்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, மற்றவர்களைக் காட்டிலும் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். அவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் அதற்கான மாத்திரையைத் தொடங்குகிறார்கள். பிறிதொரு கட்டத்தில் அது நின்றும் போகிறது. நின்ற சில நாள்களிலோ சில மாதங்களிலோ மனம் மீண்டும் சரியத் தொடங்கும்போது, மனநல மருத்துவரான என்னிடம் அவர்கள் முதலில் கேட்பது "மறுபடியும் மாத்திரை போட வேண்டுமா?" என்பதைத்தான். அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. மாத்திரை எந்தத் தேதியில் நின்றது, முதல் மாற்றம் எந்தத் தேதியில் தெரிந்தது, அதற்கு முன்னும் பின்னும் வேறு எந்த மருந்து மாறியது என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். பெரும்பாலான நேரங்களில், அடுத்து என்ன செய்வது என்பதை அந்தத் தேதிகளே சொல்லிவிடுகின்றன.

தாமே முடிவெடுத்து நிறுத்துபவர்கள் இவர்களில் ஒரு பகுதியினர்தான். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மாத்திரை விழுங்குகிறவர், எதையாவது குறைக்க வேண்டும் என்று எண்ணும்போது அவர் கை முதலில் போவது 'நரம்பு மாத்திரை' மீதுதான். அது உயிர் காக்கும் மருந்தல்ல என்று அவர் நம்புகிறார். இன்னொரு பகுதியினருக்கு, மாத்திரை நின்றதே தெரிவதில்லை. அறுவை சிகிச்சைக்காகவோ நோய்த்தொற்றுக்காகவோ மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பும்போது தரப்படும் புதிய மருந்துப் பட்டியலில் அந்த ஒரு வரி விடுபட்டிருக்கும். தாம் எடுத்தது மனச்சோர்வுக்கான மருந்து என்பதே அறியாதவர்களும் உண்டு. நரம்பு வலிக்காகக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலினும் டுலோக்ஸெட்டினும் அந்த வகையைச் சேர்ந்தவையே. வலி குறைந்துவிட்டதென்று அவற்றை நிறுத்தியவருக்கு, வலியும் மனச்சோர்வும் ஒன்றாகத் திரும்பக்கூடும்.

மருத்துவரே நிறுத்தச் சொல்லும் சூழல்களும் இருக்கின்றன. மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மாத்திரைகள் முதியவர்களுக்கு, குறிப்பாகச் சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு, இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடலாம். ஆஸ்பிரினோடும் வலி நிவாரணிகளோடும் சேரும்போது வயிற்றில் இரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டுகின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட் இவற்றோடு சேர்ந்தால் செரோடோனின் அளவுமீறி ஏறும் ஆபத்து உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவருக்குப் இந்த வகையைச் சேர்ந்த பராக்ஸெட்டினும் ஃப்ளூவாக்ஸெட்டினும் பொருந்தாது. டமாக்சிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை அவை தடுக்கின்றன. கல்லீரல் நோயிலும், சிறுநீரகம் பெரிதும் தளர்ந்த நிலையிலும் டுலோக்ஸெட்டின் தவிர்க்கப்பட வேண்டியது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் காரணம் நியாயமானது என்பதாலேயே நிறுத்துகிற விதமும் நியாயமாகிவிடாது. உடனே நிறுத்தியே தீர வேண்டிய அவசரம் இருந்தால், அடுத்த சில வாரங்களுக்கு அந்த மனிதரை யார் கவனிப்பது என்பதையும் அதே நாளில் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அது யார் பொறுப்பிலும் இருப்பதில்லை.

இனி தேதிகளுக்கு வருவோம். நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் தொடங்குபவை பெரும்பாலும் மருந்து விலகல் அறிகுறிகள்: தலைசுற்றல், குமட்டல், சளிக்காய்ச்சல் போன்ற உடல்வலி, தூக்கமின்மை, கலவரமான கனவுகள், காரணமில்லாத அழுகை, எரிச்சல், தலையைத் திருப்பும்போது "மூளைக்குள் ஷாக் அடிக்கிறது" என்று பலரும் ஒரே மாதிரி விவரிக்கும் உணர்வு. உடலிலிருந்து விரைவாக வெளியேறும் மருந்துகளில் இது கடுமையாக இருக்கும். வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மருந்தின் பாதி ஏறத்தாழ 5 மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. பராக்ஸெட்டினுக்கு ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. ஃப்ளூவாக்ஸெட்டினும் அதிலிருந்து உருவாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்குவதால், அதை நிறுத்தியவருக்குத் தொல்லை குறைவாகவும் தாமதமாகவும் வருகிறது. 2024இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31% பேருக்கும், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட மருந்தில்லா வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் 17% பேருக்கும் இத்தகைய அறிகுறிகள் தெரிந்தன; கடுமையானவை சுமார் 3% பேருக்கு. எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்துவதும், எல்லாம் கற்பனை என்று தள்ளுவதும் இந்த எண்களுக்கு முரணானவை.

நாட்பட்ட நோயாளிகளிடம் இந்த அறிகுறிகள் வேறொன்றாக எளிதில் தவறாக எண்ணப்படுகின்றன. வியர்வையும் நடுக்கமும் வந்தால் இன்சுலின் எடுப்பவர் சர்க்கரை இறங்கிவிட்டது என்று இனிப்பைச் சாப்பிடுகிறார்; தலைசுற்றினால் இரத்த அழுத்த மாத்திரையைக் குறைக்கிறார்; குமட்டலைக் கீமோதெரபியின் விளைவென்று பொறுத்துக்கொள்கிறார். முதலில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அளவுகள் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், சென்ற வாரம் எந்த மாத்திரை நின்றது என்று பார்க்க வேண்டும்.

மனச்சோர்வே திரும்புவது இதிலிருந்து வேறுபட்டது. அது வழக்கமாக வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, மெல்ல, முன்பு வந்த அதே முகத்தோடு வருகிறது. முன்பு அதிகாலை மூன்று மணி விழிப்பில் தொடங்கியவருக்கு இப்போதும் அப்படியே தொடங்கும். அதனால் மனைவியோ மகனோ நோயாளிக்கு முன்பாகவே கண்டுகொள்கிறார்கள். எத்தனை பேருக்குத் திரும்பும் என்பதற்கு, 2021இல் பிரிட்டனில் 478 பேரிடம் நடந்த 'ஆன்ட்லர்' ஆய்வு ஒரு அளவுகோலைத் தருகிறது. நெடுநாள் மருந்தெடுத்து, நிறுத்தலாம் என்று எண்ணும் அளவுக்கு நலமாக இருந்தவர்களில், நிறுத்தியோரில் 56% பேருக்கும் தொடர்ந்தோரில் 39% பேருக்கும் ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது. மருந்து பாதுகாக்கிறது, ஆனால் முழுமையாக அல்ல. நிறுத்தியவர்களிலும் ஐந்தில் இருவருக்கு மேல் அந்த ஓராண்டை நலமாகக் கடந்தார்கள். எனினும் இந்த எண்ணை நாட்பட்ட நோயாளிக்கு அப்படியே பொருத்த நான் தயங்குவேன். அவர்களுக்கு மருந்து நிற்பது பெரும்பாலும் நலமான காலத்தில் அல்ல. உடல்நோய் முற்றி, சிகிச்சை மாறிக்கொண்டிருக்கும் மிக மோசமான காலத்தில்தான்.

மூன்றாவதாக, உடல்நோயும் அதன் மருந்துகளும் மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும். சோர்வு, பசியின்மை, தூக்கக் கேடு, எடை இழப்பு, கவனக்குறைவு ஆகிய ஐந்தும் இரண்டு பட்டியல்களிலும் இருக்கின்றன. இரத்தசோகை, தைராய்டுக் குறைவு, நெடுங்காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வரும் பி12 குறைபாடு, சோடியம் குறைவு ஆகியவற்றை ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுவிடலாம். ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், வலிப்புக்குத் தரப்படும் லெவெட்டிரசெட்டாம், இன்டர்ஃபெரான் ஆகியவை மனநிலையை நேரடியாகவே மாற்ற வல்லவை. ஆகவே உடல் அறிகுறிகளை ஒதுக்கிவிட்டு நான் வேறு கேள்விகளைக் கேட்கிறேன். பேரக்குழந்தை வந்தபோது மகிழ முடிந்ததா? பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் நாள் முழுதும் ஓடுகிறதா? "செய்ய ஆசைதான், உடம்பு ஒத்துழைக்கவில்லை" என்பவருக்கு முதலில் உடலைப் பார்க்க வேண்டும். "உடம்பு ஒத்துழைத்தாலும் எதற்கு என்று இருக்கிறது" என்பவருக்கு மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

விலகல் அறிகுறிகள் என்று தெளிவானால், மீண்டும் தொடங்கத் தடையான மருத்துவக் காரணம் எதுவும் இல்லாதபோது, கடைசியாக எடுத்த அளவை மீண்டும் கொடுத்தால் பெரும்பாலும் சில நாள்களிலேயே அடங்கிவிடும். மனச்சோர்வு அவ்வளவு விரைவாகத் தணியாது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்த வேறுபாடே ஒரு சான்றாகவும் பயன்படுகிறது. அதன் பின் மெதுவாகக் குறைக்க வேண்டும், அதுவும் அளவு குறையக் குறைய இன்னும் மெதுவாக. எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையைச் சேர்ந்த சிட்டலோப்ராம் 40 மி.கி. எடுக்கும்போதும் 20 மி.கி. எடுக்கும்போதும் மூளையில் செரோடோனினை மீட்டெடுக்கும் புரதங்களில் ஏறத்தாழ 80 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ மருந்தின் பிடியில் இருக்கின்றன. ஆனால் 5 மி.கி.யிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 60 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக விழுகிறது. பாதி, கால், பிறகு நிறுத்தம் என்ற பழைய கணக்கில் கடைசிப் படி சிலருக்குத் தாங்க முடியாததாவது இதனால்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது, விரைவாக வெளியேறும் மருந்துகளில் தொல்லையைக் கூட்டவே செய்யும். மெல்ல வெளியாகும் வகை மாத்திரைகளைத் தாமாக நொறுக்கி அளவு குறைப்பதும் கூடாது.

பழைய மருந்துக்குத் திரும்ப இயலாதவர்களுக்கும் வழி அடைந்துவிடுவதில்லை. சோடியமோ இரத்தக்கசிவோ பிரச்சினையாக இருந்தால் மிர்டாஸபின், இதய நோயாளிகளுக்குச் செர்ட்ராலின் என உடல்நோய்க்கேற்ற மாற்றுகள் இருக்கின்றன. மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு, பயிற்சி பெற்றவரிடம் பெறும் உளவியல் சிகிச்சை வெறும் ஆறுதல் பேச்சன்று. மனச்சோர்வு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்துபோன 424 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கவனக்குவிப்பு சார்ந்த அறிதல் சிகிச்சையோடு மருந்தைக் குறைத்தவர்களில் 44% பேருக்கும் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47% பேருக்கும் இரண்டாண்டில் மனச்சோர்வு திரும்பியது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. மாறாக, மூலிகை என்பதால் தீங்கற்றது என்று எண்ணிச் செயின்ட் ஜான்ஸ் வொர்ட்டைத் தாமாக வாங்கி எடுப்பது ஆபத்தானது. அது மாற்று உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். மாற்று உறுப்பு பொருத்தப்பட்டவருக்கு அந்த உறுப்பே நிராகரிக்கப்படலாம்.

அன்றாடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கு 'ஏதாவது செய்துகொண்டே இருங்கள்' என்பது பொதுவான அறிவுரை. நாட்பட்ட நோயாளி அதை அப்படியே பின்பற்றினால், நன்றாக இருக்கும் ஒரு நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள்கள் படுக்கையில் கிடப்பார். அந்த மூன்று நாள்களில் மனம் இன்னும் ஆழத்துக்குப் போகும். நாளில் எந்த நேரத்தில் உடம்பு சற்றுத் தெம்பாக இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்து, அந்த நேரத்தில் மட்டும், முடிந்ததில் பாதி அளவு ஒரு வேலையைத் திட்டமிடச் சொல்கிறேன். மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருக்காமல் குறித்த நேரத்தில் தொடங்குவதும், மனம் இன்னும் வேண்டும் என்றாலும் குறித்த இடத்தில் நிறுத்துவதும் இதில் சம அளவு முக்கியம். டயாலிசிஸ் முடிந்து வரும் மாலையில் எதையும் வைக்க வேண்டாம். ஸ்டீராய்டை மருத்துவர் அனுமதித்தால் காலையில் எடுப்பது இரவுத் தூக்கத்தைக் காக்க உதவும். வீட்டார் "மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்குப் பதில், அந்தக் குறித்த நேரத்தில் உடன் வந்து உட்கார்ந்தால் போதும்.

நாட்பட்ட நோயாளியின் தற்கொலை எண்ணம் பல நேரங்களில் வெளியில் தெரியாத வடிவம் எடுக்கிறது. இன்சுலினை விட்டுவிடுவது, டயாலிசிஸுக்கு வர மறுப்பது, இதய மாத்திரையை 'மறந்துபோவது' ஆகியவை வெறும் சலிப்பாகவும் இருக்கலாம், சாக விரும்புவதாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். "வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா, அதற்கு வழி ஏதும் யோசித்தீர்களா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது, கேட்டவரிடம் பலர் நிம்மதியோடு பேசுகிறார்கள். இவர்கள் வீட்டில் இன்சுலினும் இதய மருந்துகளும் வலுவான வலி நிவாரணிகளும் மொத்தமாக இருக்கும் என்பதால், அந்தக் காலத்தில் மருந்துப் பெட்டி வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். திட்டம் வைத்திருப்பதாகச் சொல்பவரைத் தனியே விடாமல் அன்றே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மாத்திரையை மீண்டும் தொடங்க நேர்ந்தால், அதைத் தோல்வியாகக் கருதுபவர்கள் பலர். அதே மனிதர்கள் இரத்த அழுத்த மாத்திரையைத் திரும்பத் தொடங்கும்போது அப்படி நினைப்பதில்லை. நலமடைந்த பின்னும் குறைந்தது 6 மாதங்கள், மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்வது நடைமுறை. முதியவராகவோ சிறுநீர் மாத்திரை எடுப்பவராகவோ இருந்தால், தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் சோடியத்தைப் பரிசோதிக்க வேண்டும். மற்ற நோய்களுக்குப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரின் பட்டியலிலும் இந்த மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, யாரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்ற குறிப்பு ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். அடுத்த முறை மருத்துவமனையில் சேரும்போது அந்த வரி விடுபட்டிருந்தால், கேட்க வேண்டியவர் உடன் இருக்கும் உறவினர்தான்.