தார் போலப் போனால் அது சூடு இல்லை

மேலூர்ப் பக்கம் நாளெல்லாம் குனிந்து நாற்று நடுகிறவர்கள், முட்டி வலிக்கு மெடிக்கலில் 'ஒரு செட் மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொள்வது சாதாரணம். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும். தொடர்ந்து போடுகிறவர்களில் சிலருக்கு ஒருநாள் மலம் தார் போலக் கருப்பாக, பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவார்கள். அது சூடு இல்லை, ரத்தம்.

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் இவற்றில் கசியும் ரத்தம் குடலைக் கடந்து வருவதற்குள் செரிமானமாகிக் கருத்துவிடுகிறது. ஒரு டீ கிளாஸுக்கும் குறைவாக, 50 மில்லி அளவு கசிந்தாலே மலம் கருக்கலாம். வாந்தியாக வந்தால் காபித்தூளைக் கரைத்தது போல இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும், ஆனால் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் அதில் வராது.

மூட்டில் வலியைக் கிளப்புவது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதே இனத்துப் பொருள்தான் இரைப்பையில் சளிப்படலத்தைச் சுரக்கவைத்து, அமிலம் சுவரை அரிக்காமல் காக்கிறது. வலி மாத்திரை இரண்டு இடத்திலும் அதைக் குறைத்துவிடும்; அப்போது அமிலம் இரைப்பைச் சுவரை அரித்துப் புண்ணாக்கும், அதுதான் அல்சர். ரத்தத்தில் கலந்து வேலை செய்வதால், ஊசியாகப் போட்டாலும் வயிற்றுக்கு இதே கதிதான். இன்னொன்று, புண்ணின் வலியையும் அந்த மாத்திரையே அமுக்கிவிடலாம். அதனால்தான் பலருக்கு முதல் அறிகுறியே ரத்தக்கசிவாக இருக்கிறது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலும் அல்சர் வரும். 1984-இல் பாரி மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். குடியால் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு நிலைமை வேறு: உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்து, சிவப்பாகவே கொட்டும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனதும் எண்டோஸ்கோபிதான், அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பதுதான் என்று நினைக்க வேண்டாம். முதலில் டிரிப்ஸ் ஏற்றி ரத்த அழுத்தத்தை நிலைநிறுத்துவார்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் பொதுவாக ரத்தம் ஏற்றுவார்கள். அமிலத்தில் ரத்தம் சரியாக உறையாது என்பதால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் ஊசி வழியாகப் போகும். அப்புறம், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி. அதன் வழியாகவே புண்ணில் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் ஊசி போட்டு, கிளிப் மாட்டியோ சூடு வைத்தோ கசிவை அடைப்பார்கள். புடைத்த ரத்தக்குழாய் என்றால் சின்ன ரப்பர் வளையம் மாட்டி இறுக்குவார்கள். வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன் இப்போது அரிது.

போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அட்டை இல்லையென்றால், மெடிக்கலில் செட் வாங்கிப் போட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.