பேதிக்குக் குடிக்கும் முன் ஒரு நிமிஷம்

தீபாவளி முடிந்த மறுவாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் கட்டாயம் இருக்கும். பலகாரம் தின்று வயிறு கெட்டவர்கள் பாதி, கெட்ட வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று எதையோ குடித்துவிட்டு வந்தவர்கள் மீதி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன், முதல் பாதிக்கு ஓஆர்எஸ் போதும், எனக்குப் பயம் இரண்டாவது பாதியைப் பார்த்துத்தான்.

போன தடவை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒருவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது 58, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். ஒன்றரை லிட்டர் வெந்நீரில் உப்பைக் கரைத்து வெறும் வயிற்றில் குடித்தால் பத்து வருஷ அழுக்கு வெளியே வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார், வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல். எட்டாவது தடவை போனபோது பாத்ரூமிலேயே விழுந்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை 52. பிரஷர் மாத்திரையோடு நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருந்ததால் பொட்டாசியமும் இறங்கியிருந்தது, அது ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். மூன்று நாள் படுக்க வைத்து அனுப்பினோம். போகும்போது, "ஆனா வயிறு சும்மா பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சு சார்" என்றார். அவர் மனைவி பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

லேசாக இருந்தது நிஜம்தான், காலியாகிவிட்டதே. ஆனால் காலியாவது வேறு, சுத்தமாவது வேறு. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம், அதன் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கிறது, பத்து வருஷ அழுக்கு ஒட்டிக்கொள்ள அங்கே பத்து வருஷம் பழைய சுவரே கிடையாது. சில பாக்கெட் பவுடர் விளம்பரங்களில் கயிறு கயிறாக ஏதோ வெளியே வந்த மாதிரி போட்டோ போடுகிறார்களே, அந்தப் பவுடரில் இருக்கும் இசப்கோல் என்ற நார் உமியும் களிமண்ணும் தண்ணீரில் ஊறி உருண்டு திரண்டால் அப்படித்தான் வரும். உள்ளே போட்டதுதான் வெளியே வருகிறது! குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கு முன்னால் டாக்டர்களே பேதி மருந்து கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது கேமராவுக்கு வழி தெரிவதற்காக, சிறுநீரகத்தையும் இதயத்தையும் விசாரித்துவிட்டு அந்த ஒரு தடவைக்குக் கொடுப்பது.

மலம் தங்கினால் விஷம் ரத்தத்தில் ஏறுகிறது என்று நூறு வருஷத்துக்கு முன் மேல்நாட்டு டாக்டர்களும் நம்பியவர்கள்தான். தலைவலியும் மந்தமும் விஷத்தால் அல்ல, மலக்குடல் உப்பி நிற்பதால் என்று 1919ல் வால்டர் ஆல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார், சில வருஷத்தில் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தபோதும் அதே தலைவலி வந்தது. பஞ்சில் ஏது விஷம்?

அப்புறம் ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைக் கழுவுவது. புதுச்சேரிக்கு லீவுக்கு வருகிறவர்கள் மசாஜோடு சேர்த்து இதையும் செய்துகொள்ளலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. வேண்டாம் என்பேன். 1978க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்காவின் கொலராடோவில், இப்படிக் குடல் கழுவிய ஒரே இடத்தில் 36 பேருக்காவது அமீபா தொற்றியது, பத்துப் பேருக்குப் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று, அதில் ஆறு பேர் இறந்தே போனார்கள். கருவி சரியாகச் சுத்தமாகவில்லை, அவ்வளவுதான் காரணம்.

பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. பரீட்சை லீவு விட்டதும் என் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றி, மத்தியானம் ரசம் சாதம் போட்டவள்தான் என் பாட்டியும். அன்றைக்குப் பிள்ளைகள் வயிற்றில் புழு இருந்தது, அவளிடம் வேறு மருந்து இல்லை. இன்றைக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நேர்வாளம் என்ற கடுமையான பேதி விதை சேர்ந்த மருந்தை யாரோ சொன்னார்கள் என்று கண்ணளவில் விழுங்குவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வயிற்று வலி இருக்கும்போது எந்தப் பேதி மருந்தும் கூடவே கூடாது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கிய வலியைச் சூடு என்று நினைத்து, பதின்மூன்று வயதுப் பையனுக்கு வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்து ஒன்றரை நாள் காத்திருந்தார்கள். குடல்வால் வெடித்த பிறகுதான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனான். பிழைத்துக்கொண்டான்.

சரி, மலச்சிக்கலுக்கு என்னதான் செய்வது? முதலில், தினமும் போகாவிட்டால் நோய் என்று நினைக்காதீர்கள். நாளைக்கு மூன்று தடவை போகிறவரும், வாரத்துக்கு மூன்று தடவை சிரமமில்லாமல் போகிறவரும் சாதாரணமானவர்களே. சிரமம் என்று வந்தால் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொல்வேன். இரும்புச்சத்து, கால்சியம், சில பிரஷர் மாத்திரை, சில வலி மாத்திரை, இருமல் சிரப் என்று காரணம் அங்கேயே கிடக்கும். அதில் இல்லாவிட்டால் தைராய்டு பார்ப்பேன். சாப்பாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும், காலையில் இட்லி, மத்தியானம் வெள்ளைச் சோறு, ராத்திரி பேக்கரி பன் என்றால் அதில் பாதிகூடத் தேறாது. கேழ்வரகுக் கூழ், அவரைக்காய், முருங்கைக்கீரை, கொய்யா, சுண்டல் எல்லாம் உழவர் சந்தையிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவைதானே. இசப்கோல் எடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு எடுங்கள், தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அதுவே அடைத்துக்கொள்ளும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் திடீரென்று மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது, இதில் ஒன்று இருந்தாலும் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஆறு மாதமாகப் பேதி மாத்திரை போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். காலை ஏழு மணிக்குக் கடலூரில் பஸ் பிடித்தால் ராத்திரி பத்துக்குத்தான் வீடு. கடையில் டாய்லெட் போக சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மூன்றாவது மாடி ஏற வேண்டும் என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை, காலையில் வருகிற உந்துதலையும் பஸ்ஸுக்காக அடக்கிவிடுவாள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தை விடாதே, அரை மணி முன்னால் எழுந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார் என்றேன், தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தாள். மாத்திரையை நிறுத்தியாகிவிட்டதாம், ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே டாய்லெட்டுக்கு அந்த நேரத்தில் மாமனாரோடு போட்டியாம், "அதுக்கு ஏதாவது மருந்து இருக்கா டாக்டர்?" என்றாள்.