டிஸேபிள்மென்ட் = இயலாமை

வேலையில் அடிபட்டவருக்கு எவ்வளவு ஈட்டுத்தொகை கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிற சொல் இது. மனுக்களிலும் மருத்துவச் சான்றுகளிலும் இதை 'ஊனம்' என்றே எழுதிவருகிறோம். அந்த ஒரு சொல்லால் தொழிலாளி இழக்கும் பணம் கொஞ்சமில்லை.

லத்தீனில் 'ஹபிலிஸ்' என்றால் கையாள ஏற்றது. ஆங்கிலத்தின் 'ஏபிள்' அதிலிருந்து வந்தது. முன்னே 'டிஸ்' சேர்ந்து எதிர்மறையாகிறது. வடமொழி 'ஊன' என்பதற்குக் குறைந்தது என்று பொருள். அதன் வழிவந்த 'ஊனம்' உடம்பின் குறையைச் சொல்கிறது. வேலை செய்ய முடியாமல் போன நிலையைச் சொல்ல நம்மிடம் 'இயலாமை' இருக்கிறது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இதைத்தான் கேட்டது: விபத்து நேர்ந்தபோது அவர் என்னென்ன வேலை செய்ய வல்லவராக இருந்தார்? அவை எதையுமே இனிச் செய்ய முடியாது என்றால் முழு இயலாமை. சம்பாதிக்கும் திறன் குறைந்திருந்தால் பகுதி இயலாமை. அந்தச் சட்டத்தின் காய அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30%, ஒரு கண் போனால் 40% என்று இருப்பவையும் ஈட்டுதிறன் இழப்பின் விகிதங்களே. ('ஈட்டுதிறன்' சம்பாதிப்பதைக் குறிக்கும் 'ஈட்டு' என்ற வினையிலிருந்து வந்தது, 'ஈட்டுத்தொகை' சமன் என்று பொருள்படும் 'ஈடு' என்பதிலிருந்து. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முழங்கைக்கு மேல் இடக்கை துண்டிக்கப்பட்ட ஒரு தச்சரின் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அட்டவணையைக் காட்டி, பகுதி இயலாமைதான் என்று வாதிட்டார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு இயலாமை என்றது நீதிமன்றம்.

கணக்கில் பாருங்கள். வயதுக்கு ஏற்பச் சட்டம் ஒரு பெருக்கும் எண்ணை, அதாவது காரணியைத் தருகிறது. 30 வயதுக்கு அது 207.98. மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்றாலும், 2020 ஜனவரி 3 அறிவிக்கையின்படி 15,000தான் கணக்கில் வரும். அதற்கு முன் இந்த உச்சவரம்பு 8,000. முழு இயலாமைக்குச் சம்பளத்தில் 60%, அதாவது 9,000. அதைக் காரணியால் பெருக்கினால் 18,71,820 ரூபாய். அதே காயத்தைப் பகுதி இயலாமை, 70% என்று எடுத்தால் 13,10,274. வித்தியாசம் ஐந்தரை லட்சத்துக்கும் மேல்!

தற்காலிக இயலாமைக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25%. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர் இந்த வழியில் ஈட்டுத்தொகை கேட்க முடியாது. அவருக்கு அங்கேயே இயலாமைப் பயன் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1923 சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே போகவர நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், இப்போது அதில் அடங்கும்.

மருத்துவரிடம் சான்று கேட்கும்போது பழைய வேலையின் விவரத்தை எழுதிக் கொடுங்கள்: எத்தனை கிலோ தூக்கினார், எத்தனை மணி நேரம் நின்றார், எந்தக் கையால் எந்த இயந்திரத்தை ஓட்டினார். அட்டவணையில் இல்லாத காயமென்றால் இது கட்டாயம் வேண்டும். அங்கே விகிதத்தை மதிப்பிடுபவர் மருத்துவர்தான். 'உடல் ஊனம் 40%' என்று மட்டும் வந்தால் வாங்கிக்கொள்ளாமல், 'ஈட்டுதிறன் இழப்பு' எவ்வளவு என்று தனி வரியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.